ஆல்டனின் இடத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

என் அன்பு மகன் வெண்டெலுக்கு உன் பெரியம்மா ஒடெஸ்ஸா எழுதுவது. அந்த மழை ஊரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல், தொடை நரம்பு எதுவும் பிடித்துக்கொள்ளாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்காவது போய்க்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஆண்டவர் கிருபையில் எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் பெரியப்பா லானி மூக்கால் மூச்சு விட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு கூடத்தில் சோபாவில் கிடக்கிறார். மூக்கெலும்பு உடைந்திருக்கிறது, புருவத்துக்கு மேல் தையல், முன்பல் இரண்டு போய்விட்டது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, வாய்க்கும் ஒன்றும் இல்லை, அது முன்னைவிட அதிகமாகத்தான் ஓடுகிறது. எப்படி ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ சரி பெரியம்மா சரி பெரியம்மா என்பாய், பின்னாலிருந்து அவர் ரிசீவரைப் பிடுங்குவார். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது. உட்கார்ந்து கடைசிவரைக்கும் படி.

போன வாரம் நீ பேசும்போது என்ன சொன்னாய், நம் வெர்லீன் மகன் ஆல்டன் ஆடிய அதே டீம், ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற அந்த ஃபுட்பால் டீம், உன்னைக் கேட்கிறது, இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும், அவனுக்குத் தோள் சரியாகாததால் அவன் இடம் காலியாக இருக்கிறது, வேகமாக ஓடுகிறவன்தான் அந்த இடத்துக்கு வேண்டுமாம் என்றாய். அந்தப் பக்கம் உன் ஓட்டக் கோச்சு, ஃபுட்பாலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஜூன் மாதம் ஐரோப்பாவுக்கு ஓடப் போகலாம், செலவை ஷூ கம்பெனி ஒன்று பார்த்துக்கொள்ளும் என்கிறார் என்றும் சொன்னாய். பெரியம்மா நீங்க ஜெபம் பண்ணி ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொல்ற பக்கம் போறேன் என்றாய். ஜெபம் பண்ணுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரிந்ததை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது வெர்லீனின் வீட்டு விஷயம். நேற்று வெர்லீனே வந்து, எல்லாத்தையும் எழுது டெஸ், ஒண்ணையும் மறைக்காதே என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். ஆல்டனுக்குத் தோளில் ஒன்றும் இல்லை மகனே. தோள் என்பது அவன் அம்மா ஊருக்குச் சொன்ன கதை. கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தால் உன் கண்ணாலேயே பார்த்திருப்பாய், பனி கொட்டி உன் பஸ் நின்றுபோனது.

போன ஆகஸ்டில் அவன் ஆட்டத்தைப் பார்க்க நம் சபை பஸ்ஸில் போனோம். டிவியில் காட்டாத ஆட்டம், சீசன் தொடங்கும் முன்னால் ஆடுவார்களே, அது. வெர்லீன் ஈஸ்டருக்கு வாங்கிய ஊதா நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள், பின்னாலிருந்த ஒருத்தி, ஏம்மா, அந்தக் குடையைக் கொஞ்சம் மடக்கேன் என்று சத்தம் போட்டாள். சிரிப்பும் சோள ரொட்டியுமாகத்தான் இருந்தோம். அப்புறம் தூரத்திலிருந்து எறிந்த பந்தை ஆல்டன் ஓடிக்கொண்டே தலைக்கு மேல் பிடித்தான். பிடித்துப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான் பார், நீயும் அவனும் இன்னும் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் தொடர் ஓட்டம் ஓடும்போது கடைசி ஆளாக நீ ஓடுவாயே, அந்த மாதிரி ஓட்டம். பின்னால் வந்தவன் எவனும் கிட்டே இல்லை. ஒருத்தன் மட்டும் பக்கவாட்டில் குறுக்கே வந்துகொண்டிருந்தான், பெரிய உடம்பு. தாண்டினால் புள்ளி கிடைக்கிற கோட்டுக்கு இன்னும் இரண்டு எட்டுத்தான். பந்து ஆடிப் பழகினவன் அந்த இடத்தில் என்ன செய்வான், உன் பெரியப்பாவைக் கேட்டால் தெரியும், பந்தை வயிற்றோடு அணைத்து, தோளைக் குறுக்கி, உருண்டு விழுவான். ஆல்டன் ஓட்டக்காரன் செய்வதைச் செய்தான். நெஞ்சை முன்னால் எறிந்து, கழுத்தை நீட்டி, இரண்டு கையையும் பின்னால் வீசினான். உங்கள் ஓட்டத்தில் முடிவுக் கோட்டில் ஒரு விரற்கடை முந்துவதற்குச் செய்வீர்களே, அதே. அந்தப் பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட்டால் அவன் தாடையின் கீழ் வந்து இடித்தான்.

ஈர மரத்தில் கோடாரி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு மேலே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. ஆல்டனின் ஹெல்மெட் கழன்று உருண்டது, உள்ளே தலை இருக்கிறதோ என்று நான் கத்தினேன். அவன் மல்லாந்து விழுந்தான், விழுந்தவன் மேலே மூன்று பேர் பந்துக்காகப் பாய்ந்தார்கள், ஒருத்தன் ஆணி வைத்த ஷூவோடு அவன் வயிற்றை மிதித்துத் தாண்டினான். அவர்கள் எழுந்து போன பிறகு பார்த்தால் அவனுடைய இரண்டு கையும் விறைத்து வானத்தைப் பார்த்து நிற்கிறது, யாரோ மேலிருந்து தூக்கிப் பிடித்த மாதிரி. வாயிலிருந்து இரத்தம் காதுப் பக்கமாக வழிகிறது. சுற்றிலும் என்ன கைதட்டல் தெரியுமா. உன் பெரியப்பாவும் எழுந்து நின்று, அடிடா அப்படி என்று கத்திவிட்டார், அடிபட்டது நம் பிள்ளை என்று அவருக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. வெர்லீன் எழுந்திருடா, எழுந்திருடா என்று தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்தவள் உட்காரும்மா மறைக்குது என்றாள்.

அவனை மூக்கில் ஏதோ காட்டி எழுப்பி உட்கார வைத்தார்கள். தலைக்குள் ஒன்றும் இல்லை, வெறும் அதிர்ச்சி, ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அவன் ஓய்வு எடுத்தான், மறுபடி ஆடப் போனான், பயிற்சியில் ஒரு சின்ன இடி வாங்கினான், எல்லாரும் வாங்குகிற இடிதான், அதோடு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தன் டீம் ஆளையே பிடித்து அடித்திருக்கிறான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த புதிதில் கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை, திரையை மூடிக்கொண்டு படுத்தே கிடந்தான். அப்புறம் கோபம் வர ஆரம்பித்தது. வெர்லீனின் நாயைச் சுவரில் அடித்துவிட்டான். கதவை உடைத்தான். நவம்பரில் நன்றி செலுத்தும் பண்டிகைக்கு நான் இனிப்பு அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அவர்கள் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன், அதனால் இது யார் சொல்லியும் எழுதுவதில்லை. வெர்லீன் இன்னும் கொஞ்சம் கீரை போடட்டுமா கண்ணு என்று கேட்டு அவன் தட்டுக்குக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துத் திருகினான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. அவன் திருகின கையை விட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து அவள் அழுவதைப் பார்த்தான். பார்த்து, யாரும்மா உன்னை அடிச்சது, பேரைச் சொல்லு, போய் அவனைக் கொன்னுட்டு வரேன் என்றான். சத்தியமாகச் சொல்கிறேன் மகனே, அவன் கண்ணில் பொய் இல்லை. அவன் எழுந்து வெளியே போய்த் தெருவில் ஆளைத் தேடினான். வெர்லீன் படியில் சறுக்கி விழுந்ததாகச் சபையில் சொன்னாள். நானும் அவள் பக்கத்தில், சபைக்கு வருகிறவர்களை உட்காரவைக்கும்போது போடுகிற வெள்ளைக் கையுறையோடு நின்று ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது உன் பெரியப்பா கதைக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மத்தியானம் உன்னைக் கேட்கிற அந்த டீமிலிருந்து ஹட்சன் என்று ஒரு ஆள் வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மரியாதை, என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார், என் பூச்செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாராட்டினார். உன் மனதை நாங்கள் திருப்ப வேண்டும் என்பதற்காக வந்திருக்கிறார், அது எனக்குப் புரியாமல் இல்லை. பெரியப்பாவுக்கு டீம் தொப்பி ஒன்று, எனக்குப் போர்வை ஒன்று. உன் பெரியப்பாவைக் கேட்கவே வேண்டாம், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் கெளுத்தி மீன் வறுக்கச் சட்டியை ஏற்றிவிட்டார். தெருவில் போகிற வருகிறவனை எல்லாம் கூப்பிட்டு, என் வீட்டுப் பையன் ஆடப் போறான்டா, அரை டிராயர் போட்டுக்கிட்டு கடிகாரத்தோட ஓடுற வேலை எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே மனுஷனோட மோதுற ஆட்டம் என்று ஒரே பெருமை. நம் சபை டீக்கன் ப்ரூயிட்டும் வந்திருந்தார், அவருக்கு மீன் வாசனை வந்தால் போதும். அந்த நேரத்தில் ஆல்டன் வந்தான். வெர்லீன் கொடுத்தனுப்பிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு அப்பத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நல்லபடியாகத்தான் வந்தான். அன்றைக்கு அவனுக்கு நல்ல நாள், சவரம் கூடச் செய்திருந்தான். கேட்டைத் திறந்து, மிஸ் ஒடெஸ்ஸா, அம்மா கொடுத்தாங்க என்றான். அப்புறம் உன் பெரியப்பா தலையில் அந்த டீம் தொப்பியைப் பார்த்தான்.

அப்பத் தட்டு கீழே விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் உன் பெரியப்பாவின் முகத்தில் நெற்றியால் இடித்தான். அவர் சட்டியோடு பின்னால் சாய்ந்தார், கொதிக்கிற எண்ணெய் புல்லில் கொட்டிச் சீறியது, இம்மி தள்ளியிருந்தால் அவர் முகத்தில். விழுந்தவர் மார்பில் ஏறி உட்கார்ந்து அடித்தான், ஒரு வார்த்தை பேசாமல், ஆளைப் பார்க்காமல், மாவு பிசைகிறவள் மாதிரி அடித்தான். பல் தெறித்து என் செருப்பில் விழுந்தது. நான் இயேசுவே இயேசுவே என்று கத்திக்கொண்டு விளக்குமாற்றால் அவன் முதுகில் அடித்தேன், அது அவனுக்கு ஈ உட்கார்ந்த மாதிரி கூட இல்லை. டீக்கனும் எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத் தரையில் அழுத்தினார்கள். அதில் ஒருத்தனுக்கு விரல் உடைந்தது. அவர்களுக்கு அடியில் கன்னம் மண்ணில் அழுந்தக் கிடந்துகொண்டு, தாண்டிட்டேனா, கோட்டைத் தாண்டிட்டேனா என்று கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். நான் குனிந்து அவன் காதில், தாண்டிட்டடா கண்ணா, நல்லா தாண்டிட்ட என்றேன். உடனே உடம்பு தளர்ந்து குழந்தை மாதிரி ஆகிவிட்டான். எழுந்து உன் பெரியப்பாவைப் பார்த்து, ஐயோ மிஸ்டர் லானி, உங்களுக்கு என்ன ஆச்சு என்றான்.

ஹட்சன் தன் கார்ப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. இது ரொம்ப வருத்தமான விஷயம்மா, ஆனா உங்க வெண்டெல் வேற மாதிரி பையன், அவனை நாங்க பார்த்துக்குவோம் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த நெஞ்சைத் தள்ளுற பழக்கம் இருக்கே, கோட்டைக் கண்டா கையைப் பின்னால வீசுறது, அது என் பையனுக்கும் இருக்கு, அதை என்ன செய்வீங்க என்றேன். அதெல்லாம் ஒரு கோடைப் பயிற்சில மறக்கடிச்சிடுவோம்மா என்றார். உன் பெரியப்பா இரத்தம் வழிகிற வாயோடு ஆமா ஆமா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

நீ அதை யாரிடமும் கற்றுக்கொண்டவன் இல்லை வெண்டெல். உன் அம்மா, என் தங்கை, கண்ணை மூடி நீ எங்கள் வீட்டுக்கு வந்த வருஷத்தில் பள்ளிக்கூடம் விட்டுக் கேட்டிலிருந்து ஓடி வந்து அடுப்படி வாசலில் நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நுழைவாய், ஒருநாள் அப்படியே என் கையிலிருந்த பாத்திரத்தில் மோதி உதடு கிழிந்தது, தழும்பு இருக்கிறதா பார். போன வருஷம் பெரிய பந்தயத்தில் நீ ஜெயித்ததே அதனால்தான் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், நான் வெட்டி வேதப் புஸ்தகத்தில் வைத்திருக்கிறேன். மறக்கடிப்பார்களாம். நான் கோழி ஆலையில் வேலை பார்க்கிறவள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வருகிற கோழிக்குக் கழுத்தை அறுத்த பிறகும் இறக்கை அடிக்கும். பறக்கணும் என்று நினைக்கத் தலை இல்லை, இருந்தும் அடிக்கும். என் கையில் எத்தனை தடவை இரத்தம் தெறிக்க அடித்திருக்கிறது. உடம்பு தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும் மகனே, ஒரு மனுஷன் குறுக்கே வருகிற நேரத்தில் அது யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்யாது.

ஓட்டம் என்றால் பூப்படுக்கை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஆலையில் கிளாரன்ஸ் என்று ஒருத்தர், நீ பிறக்கும் முன்னாலேயே இந்த மாவட்டத்தில் அவரைவிட வேகமான கால் இல்லை. ஐரோப்பாவில் ஊர் ஊராக ஓடினார், பேர் தெரியாத ரயில்வே ஸ்டேஷனில் படுத்தார், ஒரு குளிர்காலத்தில் தொடைச் சதை அறுந்தது, அதோடு சரி. இப்போது உயிர்க் கோழியைக் காலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டுகிறார். நொண்டிக்கொண்டுதான் நடக்கிறார். ஆனால் என் பேர் அவருக்குத் தெரிகிறது. அவர் பெண்டாட்டி தட்டில் கீரை போட்டால் தேங்க்ஸ் கண்ணு என்கிறார். உன் பெரியப்பாவைக் கேட்டால் வேறே சொல்வார். நேற்றுக்கூட வீங்கின உதட்டோடு, டெஸ், அவன் இடிச்ச இடியைப் பார்த்தியா, என்ன ஒரு இடி, இந்த மாதிரி ஆட்டக்காரனை வீணாக்கிட்டாங்களேடி என்கிறார். கையில் ஐஸ் பையைக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும், மறைத்தால் அது பாவம். ஆல்டன் நேற்று வெர்லீனோடு வந்தான், உன் பெரியப்பாவைப் பார்க்க. அடித்தது அவன்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள், தலையைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் அவன் இடத்துக்கு உன்னைக் கேட்கிறார்கள் என்று உன் பெரியப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆல்டன் சிரித்தான், பள்ளிக்கூடத்தில் சிரிப்பானே அந்தச் சிரிப்பு. வெண்டெலைப் போகச் சொல்லுங்க மிஸ் ஒடெஸ்ஸா, அவன் என்னைவிட வேகம், எவனும் குறுக்க வர்றதுக்குள்ள அவன் தாண்டிடுவான் என்றான். நான் சரிப்பா சொல்றேன் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அதையே சொன்னான். சாயங்காலம் வரைக்கும் அதையே சொன்னான், ஒவ்வொரு தடவையும் புதிதாக நினைத்துச் சொல்கிற மாதிரி. வெர்லீன் ஒவ்வொரு தடவையும் ஆமாம் கண்ணு என்றாள். வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடும்போதுதான், எல்லாத்தையும் எழுது டெஸ் என்றாள். உன் பையன் அந்த டீம் சட்டையைப் போடக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு, என் பையன் போட்டப்போ நானும் தொப்பி வச்சுக்கிட்டுத்தானே போனேன், ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால இவனை வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகச் சொல்லு, அவ்வளவுதான் என்றாள்.

நான் முழங்காலில் நின்று கேட்டேன் மகனே, நீ கேட்டுக்கொண்டபடி. ஆண்டவர் எனக்குச் சத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் என் கண்ணுக்கு முன்னால் காட்டினதையெல்லாம் எழுதிவிட்டேன். நீ ஓட வேண்டும், உன் முன்னால் ஒரு மனுஷனும் இல்லாத பாதையில் ஓட வேண்டும், இதுதான் என் மனசு. நொண்டிக்கொண்டு வந்தாலும் என் வீட்டுக்கு வா, கோழி ஆலையில் சேர்ந்து வேலை பார்ப்போம். ஆனால் கால் உன்னுடையது, இந்த வீட்டை விட்டு மேலே போக வேண்டும் என்ற ஆசையும் உன்னுடையது, உன் பெரியப்பாவின் ஆசையை நான் குறை சொன்னாலும் அவர் உன்னை எத்தனை மழையில் மைதானத்துக்குக் கூட்டிப் போனார் என்பதை மறக்கமாட்டேன். அதனால் போனில் யாருக்கும் சரி சொல்லாதே, இரண்டு பக்கமும் சொல்லாதே. பஸ் ஏறி வா. ஆல்டனோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடு. அவன் சொல்வதை எத்தனை தடவை சொன்னாலும் கேள். அப்புறம் நம் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடு, அந்த நேரத்தில் உன் தலையில் கை வைக்க நான் நிற்பேன், எந்தக் காகிதமாக இருந்தாலும் கையை எடுக்க மாட்டேன்.

பாஸ்டர் மேபரி உன்னை விசாரித்தார். பாடகர் குழுவுக்குப் புது அங்கி வந்திருக்கிறது, எல்லாருக்கும் இடுப்பில் பிடிக்கிறது, யாரும் ஒத்துக்கொள்வதில்லை. குளிருக்கு உள்சட்டை போடு. காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடப் போகாதே. உன் எலும்பு ஒவ்வொன்றையும் ஆண்டவர் தம் கையில் வைத்துக் காக்கட்டும், உன் அம்மா அங்கே மேலேயிருந்து உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மறக்காமல் ஒன்று. வந்ததும் நேரே வெர்லீன் வீட்டுக்குத்தான் போவாய், எனக்குத் தெரியும். அவன் கூப்பிட்டாலும், உனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும், கேட்டிலிருந்து ஓடாதே. ஓடி வருகிற காலடி கேட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு எதிரே வருவான். அவனுக்குத் தெரிகிற மாதிரி, இரண்டு கையும் வெளியே தெரிகிற மாதிரி, நடந்து போ மகனே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
பெரியம்மா ஒடெஸ்ஸா
(பெரியப்பாவும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்)